பிளாக்செயினுக்கு ஒரு பஞ்சாயத்து போர்டு

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் 188-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கிராம ஊராட்சி நிதியிலிருந்து காசோலை போட வேண்டுமென்றால் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்கிறது. ஏற்காடு ஒன்றியத்தில் இருக்கும் 9 ஊராட்சிகளில் ஒன்றான மாரமங்கலத்துக்கும் இதே விதிதான். இதைப் பிளாக்செயின் வேலை செய்கிற யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், "ஓ, டூ ஆஃப் டூ மல்டிசிக்கா?" என்று கேட்பார்கள். இரண்டு சாவி, இரண்டும் திரும்பினால்தான் பெட்டி திறக்கும்.

அவர்களுக்கு அடுத்து வரும் சந்தேகமும் எனக்குத் தெரியும்: "ஒருத்தர் கையெழுத்துப் போட மறுத்தா?" மறுத்தால் எல்லாம் நிற்கும். தெருவிளக்கு, தண்ணீர்க் குழாய், துப்புரவுப் பணியாளர் சம்பளம், எல்லாம். தலைவரை ஊர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஆகாது என்பது தமிழ்நாட்டில் அதிசயம் இல்லை. அதனால்தான் அதே சட்டத்தில் 203-ஆம் பிரிவும் இருக்கிறது: அவசர நிலையில் மாவட்ட ஆட்சியர் தலையிடலாம். காசோலை அதிகாரம் பறிக்கப்பட்டது என்று செய்தித்தாளில் அவ்வப்போது வருவது பெரும்பாலும் இந்தப் பிரிவின் கீழ்தான்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், பிளாக்செயின் அமைப்புகள் "தேர்ந்தெடுக்கப்பட்ட சமூகக் குழு" ஒன்றை வைத்துக்கொள்ளும் முயற்சியில் இப்போதுதான் தட்டித் தடவிக் கற்றுக்கொண்டிருக்கும் பாடங்கள் பலவும் நம் ஊராட்சிச் சட்டத்திலும் கல்வெட்டிலும் ஏற்கெனவே இருக்கின்றன. சில இடங்களில் பிளாக்செயின்காரர்கள் நம்மை முந்தியும் விட்டார்கள். அதையும் சொல்கிறேன்.

முதலில், குழு எதற்கு? பிளாக்செயின் என்பது ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே பிரதியாக இருக்கும் ஒரு பேரேடு. யாரும் தனியாகத் திருத்த முடியாது. அதுதான் அதன் பெருமை. ஆனால் அந்தப் பேரேட்டை ஓட்டும் மென்பொருளை யாராவது மாற்றித்தானே ஆக வேண்டும்? பிழை வந்தால் யார் திருத்துவது? பொதுக் கஜானாவில் சேரும் பணத்தை யாருக்குக் கொடுப்பது? ஆரம்பத்தில் இதையெல்லாம் உருவாக்கிய கம்பெனி பார்த்துக்கொள்ளும். இந்தியர்கள் முன்னின்று தொடங்கிய பாலிகானை எடுத்துக்கொள்ளுங்கள்: 2023-இல் 13 பேர் கொண்ட ஒரு குழுவை அறிவித்தார்கள். வழக்கமான மாற்றத்துக்கு 7 பேர், அவசரத்துக்கு 10 பேர் கையெழுத்திட வேண்டும். முதல் 13 பேரும் பெயர் சொல்லி நியமிக்கப்பட்டவர்கள். நியமனத்தில் தப்பில்லை. ஆனால் சேர்வராயன் மலைக்காரர்களுக்கு இது புதுசும் இல்லை. மலையாளி பழங்குடி ஊர்களில் ஊர்க்கவுண்டர் பரம்பரையாக வருகிறவர். ஓட்டுப்பெட்டி அதற்கு ரொம்பப் பின்னால் மலையேறி வந்தது.

நியமனத்திலிருந்து தேர்தலுக்குப் போகும்போதுதான் முதல் முடிச்சு விழுகிறது: ஓட்டு யாருக்கு?

ஊராட்சித் தேர்தலில் வாக்காளர் பட்டியல் இருக்கிறது. ஒரு ஆள், ஒரு பெயர். பிளாக்செயினில் பட்டியலே இல்லை. வாலட்தான் இருக்கிறது, ஒருவர் ஆயிரம் வாலட் வைத்துக்கொள்ளலாம். அதனால் ஆளுக்கு ஒரு ஓட்டு என்று வைத்தால், ஆயிரம் வாலட் உள்ளவருக்கு ஆயிரம் ஓட்டு. இதற்குத் தீர்வாகத்தான் டோக்கனுக்கு ஓட்டு என்று வைத்தார்கள். பத்து டோக்கன் இருந்தால் பத்து ஓட்டு. எத்தனை வாலட்டில் பிரித்து வைத்தாலும் மொத்தம் மாறாது. கணக்கு சரி. விளைவு என்ன ஆகும் என்பதற்கு ஸ்டீம் கதையைச் சொல்ல வேண்டும்.

ஸ்டீம் ஒரு சமூக ஊடகப் பிளாக்செயின். அதை ஓட்டுவதற்கு 'விட்னஸ்' எனப்படுகிறவர்களை டோக்கன் வைத்திருப்பவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். அதிக ஓட்டு வாங்கிய முதல் 20 பேர் கையில்தான் நடைமுறையில் முழு அதிகாரமும். 2020 பிப்ரவரியில் டிரான் நிறுவனர் ஜஸ்டின் சன், ஸ்டீமிட் கம்பெனியை வாங்கினார். கம்பெனியோடு சேர்ந்து அது ஆரம்ப நாட்களில் எடுத்து வைத்திருந்த பெரிய டோக்கன் குவியலும் அவர் கைக்கு வந்தது. வளர்ச்சிப் பணிக்கு என்று சொல்லி வைத்திருந்த குவியல் அது, ஓட்டுப் போடப் பயன்படக்கூடாது என்று சொல்லி விட்னஸ்கள் அதை முடக்கினார்கள். 2020 மார்ச் 2 அன்று பைனான்ஸ், ஹூவோபி, பொலோனியெக்ஸ் ஆகிய எக்ஸ்சேஞ்சுகள் தங்களிடம் வாடிக்கையாளர்கள் போட்டு வைத்திருந்த டோக்கன்களைக் கொண்டு ஓட்டுப் போட்டன. இருந்த 20 பேரும் ஒரே நாளில் வெளியே, புதிய 20 பேர் உள்ளே.

நம்ம ஊர் மொழியில் சொன்னால், பேங்க் மேனேஜர் உங்கள் லாக்கரில் இருந்த நகையை எடுத்துக்கொண்டு போய், "இந்த நகைக்கெல்லாம் நான்தான் சொந்தக்காரன்" என்று காட்டி ஊர்க் கூட்டத்தில் ஓட்டுப் போட்ட மாதிரி. இதில் இன்னொரு கொடுமை: ஓட்டுப் போட டோக்கனைப் பூட்டி வைக்க வேண்டும், திரும்ப எடுக்க 13 வாரம் ஆகும். அந்தப் பூட்டில் இருந்தது வாடிக்கையாளர் பணம். பைனான்ஸ் பிறகு ஓட்டைத் திரும்பப் பெற்றது. ஆனால் சமூகம் காத்திருக்கவில்லை. மார்ச் 20 அன்று முழுப் பேரேட்டையும் நகல் எடுத்து, சன்னின் பங்கை விட்டுவிட்டு, 'ஹைவ்' என்று தனி ஊர் போட்டுக்கொண்டு போய்விட்டது. இது பிளாக்செயினில் மட்டும் முடிகிற காரியம். மாரமங்கலத்துக்காரர்கள் மலையை நகல் எடுத்துக்கொண்டு போக முடியாது.

இந்த இடத்தில் உத்திரமேரூரைப் பார்க்கலாம். தெரிந்த கதைதான் என்று தாண்டிப் போய்விடாதீர்கள். குடவோலையைப் பற்றி மேடையில் பேசப்படுவதை விட, கல்வெட்டில் இருப்பது எஞ்சினியர்களுக்கு ரொம்ப சுவாரசியமான விஷயம்.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று 919, இன்னொன்று 921. முதலில் ஒரு விதிமுறை, இரண்டே வருஷத்தில் திருத்திய பதிப்பு. வெர்ஷன் 1, வெர்ஷன் 2. வயது வரம்பு முதலில் 30 முதல் 60 வரை, அப்புறம் 35 முதல் 70 வரை. போட்டிக்குத் தகுதி: வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி. படிப்பு அதிகம் இருந்தால் அரைக்கால் வேலி போதும். இதைக் கொண்டாடுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுவார்கள்: இது நிலம் வைத்திருந்த பிராமண ஆண்களின் சபை. உழுதவர்களும் பெண்களும் இந்தக் குடத்துக்குள் கிடையாது. டோக்கன் ஓட்டுக்கு இது நெருங்கிய உறவு. சொத்து இருந்தால்தான் பேச்சு.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கு. கால் வேலி வைத்திருந்தாலும் பத்து வேலி வைத்திருந்தாலும் ஒரே ஓலைதான். சொத்து வாசலில் மட்டும் பார்க்கப்படுகிறது, உள்ளே வந்துவிட்டால் எடை இல்லை. ஸ்டீமில் வாசலும் இல்லை, எடைக்கு உச்சவரம்பும் இல்லை.

அடுத்தது நடைமுறை. ஊர் 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டி, எல்லாக் கட்டையும் ஒரு குடத்தில் போடுவார்கள். சபை முழுக்கக் கூடியிருக்கும். நம்பிமாரில் வயதில் மூத்தவர் குடத்தை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரித்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஒரு ஓலை எடுப்பான். அதை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கிப் படித்த பிறகு அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் அதே ஓலையைப் படிக்க வேண்டும். அப்புறம்தான் பெயர் செல்லும்.

ஐந்து விரலையும் விரித்து! விரலிடுக்கில் வேறு ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடக் கூடாது என்பதற்காகத்தான். யாரோ ஒருத்தர் அப்படிச் செய்து மாட்டியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். இப்படிப்பட்ட விதி சும்மா உட்கார்ந்து யோசித்து வருவதில்லை, அனுபவத்தில் வருகிறது. பிளாக்செயினில் குலுக்கல் நடத்துவதிலும் தலைவலி இதேதான்: பிளாக் தயாரிக்கிறவரே குலுக்கலைத் தனக்குச் சாதகமாகத் திருப்ப முடியும். அதைத் தடுக்க, முடிவை முன்கூட்டி யூகிக்க முடியாதபடியும், வந்த முடிவை எல்லோரும் சரிபார்க்கும்படியும் கணக்குகள் எழுதியிருக்கிறார்கள். உள்ளே இருப்பது தெரியாத சிறுவன் முதல் பாதி, எல்லோரும் படிப்பது இரண்டாம் பாதி.

இப்படி வரும் 30 பேரும் பொறுப்புகளுக்குப் பிரிவார்கள். 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். சம்வத்சர வாரியத்துக்கு, ஏற்கெனவே தோட்டத்திலும் ஏரியிலும் வேலை பார்த்தவர்களும் படிப்பிலும் வயதிலும் மூத்தவர்களும்தான் போகலாம். ஏரியைப் பராமரிக்கத் தெரிந்த பிறகு ஊரைப் பார். பதவிக்காலம் 360 நாள். கடந்த மூன்று வருஷத்தில் எந்த வாரியத்திலாவது இருந்தவர் பெயரை ஓலையில் எழுதவே கூடாது.

எனக்குப் பிடித்த விதி இதற்கடுத்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வர முடியாது. அவர் மட்டுமில்லை, அவருடைய தாய் வழி, தந்தை வழி, பெண் கொடுத்த வழி, எடுத்த வழி என்று உறவுகளைப் பட்டியல் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். மச்சான் பெயரில் நிற்க முடியாது. இன்றைய மொழியில் இது பினாமி வாலட் தடுப்பு. வாலட் முகவரிக்கு மாமன் மச்சான் கிடையாது என்பதால் எந்தச் செயினும் இன்றைக்கு இதைச் செய்ய முடியவில்லை.

இனி இன்றைய குழுக்கள். போல்காடாட் 13 பேர் கவுன்சிலோடு ஆரம்பித்தது. ஸ்வீடன் கணிதவியலாளர் பிராக்மென் 19-ஆம் நூற்றாண்டில் எழுதிய விகிதாசார முறையில் தேர்தல், பதவிக்காலம் வெறும் 7 நாள்! விகிதாசாரம் என்பதால் சிறுபான்மைக் கூட்டமும் தன் பங்குக்கு ஒருத்தரை உள்ளே அனுப்ப முடியும். கணித ரீதியாக அழகான முறை. ஆனாலும் அதிகாரம் சிலர் கையில் குவிகிறது என்று சொல்லி 2023 ஜூனில் கவுன்சிலையே கலைத்துவிட்டு, டோக்கன் வைத்திருப்பவர்கள் நேரடியாக ஓட்டுப் போடும் முறைக்குப் போய்விட்டார்கள். ஊராட்சியை எடுத்துவிட்டு கிராம சபையை மட்டும் வைத்துக்கொண்ட மாதிரி.

ஆர்பிட்ரம் வேறு வழி. 12 பேர் பாதுகாப்புக் குழு, அவசர நடவடிக்கைக்கு 9 கையெழுத்து. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாதிப் பேருக்கு மட்டும் தேர்தல் என்று ஆரம்பித்தார்கள், முதல் தேர்தல் 2023 செப்டம்பரில். நம் ராஜ்யசபாவில் மூன்றில் ஒரு பங்கு மாறுகிற மாதிரி, முழுக் குழுவும் ஒரே ராத்திரியில் மாறாது. ஸ்டீமில் நடந்தது இங்கே ஒரே ஓட்டில் நடக்க முடியாது.

கார்டானோவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சிஐபி-1694 என்ற திட்டப்படி (1694, வோல்டேர் பிறந்த வருஷம்) அங்கே மூன்று தரப்பு: டோக்கன்காரர்கள் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள், செயினை ஓட்டும் பூல்கள், அரசியலமைப்புக் குழு. குழுவுக்கு ஆளுக்கு ஒரு ஓட்டு, ஆனால் வேலை ஒன்றே ஒன்று: வந்த தீர்மானம் அரசியலமைப்புக்கு உட்பட்டதா என்று மட்டும் சொல்வது. 2024 செப்டம்பரில் 7 பேர் இடைக்காலக் குழு வந்தது. 3 இடம் சமூகம் தேர்ந்தெடுத்தது, மீதி நிறுவன அமைப்புகளுக்கு. 2025-இல் முழுவதும் தேர்ந்தெடுக்கப்பட்ட குழு அதன் இடத்துக்கு வந்தது.

நான் பார்க்கச் சொல்வது தேர்தலை அல்ல, காலாவதியை. உறுப்பினர் ஒவ்வொருவரின் பதவி முடியும் நாளும் செயினிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அந்த நாள் வந்ததும் அவர் ஓட்டு செல்லாது, யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. குழுவில் போதுமான ஆள் இல்லாமல் போனால் கஜானாவிலிருந்து பணம் எடுப்பது, விதிகளை மாற்றுவது, மென்பொருளை அப்கிரேடு செய்வது எல்லாம் நின்றுவிடும். புதிய குழுவை அமைப்பதற்கும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கும் மட்டும் வழி திறந்திருக்கும். தேர்தல் நடத்தாமல் தள்ளிப்போடுகிறவருக்கு அதனால் ஒரு அதிகாரமும் கிடைக்காது.

இதை மாரமங்கலத்தில் நடந்ததோடு வைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபர் 24-இல் முடிந்தது. அதற்கு முன் நடக்க வேண்டிய தேர்தலின் அறிவிப்பை அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்து சேலம் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில். நடுவில் மூன்று வருஷத்துக்கு மேல் வட்டார வளர்ச்சி அலுவலர்தான் தனி அலுவலர், இரண்டு சாவியும் அரசு ஊழியர் கையில். தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் இல்லை என்று சொல்லி மத்திய நிதிக்குழு மானியமும் நிறுத்தி வைக்கப்பட்டது. 2020 ஜனவரியில் பதவியேற்றவர்களின் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. மறுபடியும் தேர்தலுக்கு முன்பே தனி அலுவலர். காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்து முடிய வேண்டும் என்று அரசியலமைப்பின் 243இ பிரிவு தெளிவாகச் சொல்கிறது. சொல்கிறது, அவ்வளவுதான். காகிதத்தில் உள்ள விதியை மீறினால் காகிதம் ஒன்றும் செய்யாது.

இதில் தனி அலுவலர்கள் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. குழு இல்லாதபோது அதிகாரம் தானாகப் போய்ச் சேரும் இடம் எது என்பதுதான் கேள்வி. இங்கே அது மேலே போகிறது. மேலே இருப்பவருக்குத் தேர்தலை அவசரமாக நடத்த என்ன தேவை?

இது மலைக்கு எட்டாத விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2019 மார்ச்சில் காபி போர்டு, விவசாயி விற்கும் காபியை வாங்குபவர் வரை பின்தொடர ஒரு பிளாக்செயின் சந்தையை முன்னோட்டமாகத் தொடங்கியது. சேர்வராயன் மலை, சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலிருந்து காபி மலை. இங்கே பெரிய எஸ்டேட்டும் உண்டு, வீட்டைச் சுற்றி மிளகோடு சேர்த்துக் கொஞ்சம் காபி வைத்திருக்கும் மலையாளி குடும்பமும் உண்டு. காபி போர்டு உறுப்பினர்களை மத்திய அரசு நியமிக்கிறது. நாளைக்கே இப்படி ஒரு பேரேட்டை மலைக்காரர்களே நடத்த வேண்டும் என்று வந்தால், குழு எப்படி இருக்க வேண்டும்?

டோக்கன் ஓட்டு வேண்டாம். கிலோவுக்கு ஓட்டு என்று வைத்தால் நாலு எஸ்டேட் சேர்ந்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிடும். அதற்கு ஒரு பேரேடே தேவையில்லை, இப்போது இருப்பதே போதும். இங்கே ஆளைத் தெரியும், தோட்டத்தைத் தெரியும், பட்டியல் போட முடியும். அதனால் ஆளுக்கு ஒரு ஓலை. ஊர் வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒருவர். கையெழுத்து இரண்டுக்கு இரண்டு என்று வைக்கவே கூடாது, ஐந்தில் மூன்று என்று வைத்தால் ஒருவர் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போனாலும் வேலை நடக்கும். பாதிப் பேர் ஒரு வருஷம், மீதிப் பேர் அடுத்த வருஷம். கணக்கைச் செயினில் ஏற்றாத உறுப்பினரின் சாவி அன்றைக்கே செல்லாது. அவருடைய மச்சான் விஷயத்தை மட்டும் கிராம சபையில் ஊரார்தான் பார்க்க வேண்டும், அதற்குக் கோடு எழுத முடியாது.

பட்டியலை யார் வைத்திருப்பது என்பதுதான் இதில் எனக்கு இன்னும் விடை கிடைக்காத இடம். பட்டியல் வைத்திருப்பவர் கையில் தேர்தல் இருக்கிறது. அது செயினுக்கு வெளியே, ஏதோ ஒரு அலுவலக மேஜை மேல்தான் இருந்தாக வேண்டும். குறைந்தது, ஒரு பெயர் சேர்ந்தாலும் நீங்கினாலும் அது எல்லோர் கண்ணிலும் படும்படி செயினில் பதியலாம்.

காலாவதிக்கு கார்டானோ வழி: தேர்தல் நடக்காவிட்டால் குழுவின் அதிகாரம் எல்லாம் உறைய வேண்டும், யாரிடமும் போய்ச் சேரக் கூடாது. ஒரே ஒரு விலக்கு வைப்பேன். மலையிலிருந்து இறங்கிய மூட்டைக்கு விவசாயிக்கு வர வேண்டிய பணம் எந்தக் கையெழுத்துக்கும் காத்திருக்கக் கூடாது. எடை பதிவானதும் பணம் போய்விட வேண்டும். காபி பறிப்பு வருஷத்துக்கு ஒருமுறை, கூலி வாரா வாரம் கொடுக்க வேண்டும்.